வரததாசனின் குரலைக் காத்துத் தந்தவர்களுக்கு

இசை ரசிகப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

1972 முதல் 1983 வரை நான் கேசட்டிலும் ஸ்பூலிலும் பதிவு செய்து வைத்திருந்த சங்கீத வித்வான் எம்.டி. ராமநாதன் அவர்களின் 19 கச்சேரிகளும் சென்ற மாதத்தோடு கணினியில் ஏற்றி முடிக்கப்பட்டு, கேட்க விரும்பும் எவருக்கும் விலையின்றிக் கிடைக்கும் நிலைக்கு வந்துவிட்டன. அவற்றைக் கேட்டவர்கள் எழுதும் கடிதங்களில் என் ஒருவன் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறார்கள். அந்த வாழ்த்தைத் தனியாக ஏற்றுக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. இந்த ஒலிநாடாக்கள் உருவானதிலும் உயிர் பிழைத்ததிலும் பலருடைய உழைப்பு இருக்கிறது. அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறேன். பெயர் வெளியிட வேண்டாம் என்று அவர்களில் பலர் கேட்டுக்கொண்டதால், பெயர் சொல்லாமல் அவர்கள் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

ராமநாதன் அவர்களின் கச்சேரிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்ற தவிப்பு எனக்கு ஏன் வந்தது என்பதை இளைய ரசிகர்களுக்காகச் சொல்ல வேண்டும். பாலக்காட்டை அடுத்த மஞ்சப்ராவில் 1923ஆம் ஆண்டு பிறந்த அவர், இயற்பியலில் பட்டம் பெற்ற பிறகு 1944ஆம் ஆண்டு சென்னையின் கலைப்பள்ளியான கலாக்ஷேத்ராவுக்கு வந்து, சங்கீத மேதை டைகர் வரதாச்சாரியாரிடம் பாடம் கேட்டு, பின்னர் அங்கேயே ஆசிரியராக இருந்தவர். 1974ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். 1984ஆம் ஆண்டு மறைந்தார். பிறர் கிருதிகளைப் பாடிய பெரிய பாடகர் என்ற அளவில்தான் இன்று பலரும் அவரை அறிந்திருக்கிறார்கள். ஆனால் அவர் ஒரு வாக்கேயகாரர். சாகித்தியத்தையும் இசையையும் தாமே இயற்றி, குருவின் நினைவாக பாடலுக்குள் இயற்றியவரைக் காட்டும் 'வரததாச' என்ற முத்திரையிட்டு, 300க்கும் மேற்பட்ட உருப்படிகளைத் தந்தவர். பாகேஸ்ரீ ராகத்தில் அமைந்த 'ஸாகர சயன விபோ'வும் அடாணா ராகத்தில் அமைந்த 'ஹரியும் ஹரனும்' என்ற பாடலும் அவற்றில் சேர்ந்தவை.

ஸ்வரக்குறிப்பைப் பார்த்து இன்றும் யாரும் அந்தப் பாடல்களைப் பாடிவிடலாம். ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குப் போகும் முன் அவர் எவ்வளவு நேரம் நிற்பார், எந்தச் சொல்லை முடித்துவிட்டு மௌனமாக இருப்பார், அந்த மௌனத்துக்குள் தாளம் எப்படி அசைந்துகொண்டிருக்கும் என்பதை எந்தப் புத்தகமும் குறித்து வைக்க இயலாது. சௌக்க காலம் என்னும் மிக மெதுவான நடையில், அடிவயிற்றிலிருந்து எழும் அந்தக் கனத்த குரலில், பாடலை இயற்றியவரே பாடும்போதுதான் அது இப்படி நினைத்து இயற்றப்பட்டது என்று நமக்கு விளங்கும். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. அவருடைய நடைக்கு அது போதாது. முழுக் கச்சேரியை இருந்த இடத்திலேயே பதிவு செய்தால் ஒழிய அவருடைய நடை பின்னால் வருபவர்களுக்குக் கிடைக்காது என்று இருபத்திரண்டு வயதில் எனக்குத் தோன்றியது. இன்றும் என் எண்ணம் அதுவேதான்.

முதல் நன்றி, அக்காலத்தில் மைலாப்பூர்ப் பகுதிக் கச்சேரிகளுக்கு மைக் செட் போட்ட பெரியவருக்கு. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ஒரு சிறிய கேசட் ரெக்கார்டரைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு தூணோரம் தயங்கி நின்ற என்னை அவர் விரட்டியிருக்கலாம். மாறாக, மேடைக்குப் பக்கத்தில் தம்முடைய ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்கு அருகே ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, "இங்கே உட்காருங்க தம்பி, ஸ்பீக்கருக்கு எதிரே வைச்சா இரைச்சல்தான் விழும்" என்று சொல்லிக்கொடுத்தார். வித்வானின் குரலும் தம்புராவும் நேராக விழ வேண்டும், மிருதங்கத்தின் கனத்த ஒலி எழும் தொப்பிப் பக்கம் மைக்கை மூழ்கடித்துவிடக் கூடாது என்பதற்காக என் மைக்கை எந்த உயரத்தில் கட்டுவது என்பதை மூன்று கச்சேரிகளில் மாற்றி மாற்றிப் பார்த்து முடிவு செய்தவரும் அவரே. பதிவு செய்ய அனுமதி கேட்டு நான் எழுதிய கடிதங்களைப் படித்து, கேட்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத வரை ஆட்சேபம் இல்லை என்று இசைவு தந்த சபாச் செயலாளர்களையும் இவ்விடத்தில் வணங்குகிறேன்.

அடுத்து என் நண்பன். அவன் 2009ஆம் ஆண்டு காலமானான். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். மூன்று மணி நேரக் கச்சேரியில் மூன்று முறை கேசட்டைத் திருப்பவோ மாற்றவோ வேண்டும். அவருடைய ஆலாபனை உச்சத்தை நோக்கி மெல்ல ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் நாடா தீர்ந்து பொத்தான் 'டக்'கென்று மேலே எழும்பும். கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட்டு மீண்டும் அழுத்துவதற்குள் அரை நிமிடம் போய்விடும். வேறு வித்வானாக இருந்தால் அரை நிமிடத்தில் என்ன போயிற்று என்று ஆறுதல் கொள்ளலாம். அவரிடத்தில் அந்த அரை நிமிடம் ஒரே ஒரு காந்தார ஸ்வரமாக இருக்கும்; போனது போனதுதான். இதைப் பார்த்து நான் வருந்தியபோது, என் நண்பன் தன் மைத்துனரிடமிருந்து இரண்டாவது ரெக்கார்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். நான் தொடங்கி இருபது நிமிடம் கழித்து அவன் மாடியிலிருந்து தன் பதிவைத் தொடங்குவான். ஆகவே என் நாடா 45ஆம் நிமிடத்தில் நின்றாலும் அவனுடையது ஓடிக்கொண்டிருக்கும்; அவனுடையது 65ஆம் நிமிடத்தில் நிற்கும்போது என்னுடையது ஓடும். பதினோரு கச்சேரிகள் இப்படி இடைவெளியின்றிக் கிடைத்திருக்கின்றன என்றால், அவன் மாடியில் மின்விசிறியின் கீறொலிக்கு அடியில் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததுதான் காரணம். கச்சேரியை நிம்மதியாக அனுபவிக்கும் பேறு அவனுக்கு ஒரு முறையும் வாய்க்கவில்லை என்பது இன்று நினைக்கும்போது என் நெஞ்சை உறுத்துகிறது.

ஆனால் இரண்டு பதிவுகளையும் ஒன்றாக ஒட்டும் வேலை நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. எங்கள் ரெக்கார்டர்கள் பேட்டரியில் ஓடின. நேரம் ஆக ஆகப் பேட்டரி தளர்ந்து மோட்டார் மெதுவாகச் சுழலும். மெதுவாகப் பதிவான நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும், காலப்பிரமாணமும் கூடிவிடும். கச்சேரித் தொடக்கத்து வர்ணத்தில் இருந்த சுருதி, முடிவில் பாடும் மங்களத்தில் ஏறக்குறைய அரை ஸ்வரம் மேலே போயிருந்தது. தாழ்ந்த சுருதியையும் நிதானத்தையும் உயிராகக் கொண்டு பாடியவரின் குரலை, உயர்ந்த சுருதியில் அவசரப்படுபவரின் குரலாக ஊருக்குக் கொடுப்பது பதிவே செய்யாமல் இருப்பதைவிடப் பெரிய தவறு. இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்கள் இருவர். ஒருவர் மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர். பதிவுக்குள் மெல்லக் கேட்கும் மின் இரைச்சலைக் கணினியில் பிரித்தெடுத்து, நாடா எந்த இடத்தில் எவ்வளவு விலகியிருக்கிறது என்று வரைந்து காட்டினார். இந்தக் கணக்குக்கு அளவுகோலான மின்சாரத்தின் அதிர்வெண்ணே அந்நாளில் நொடிக்கு 50 என்ற அளவில் நிலையாக நிற்காமல் இறங்கி ஏறியது என்பதை எச்சரித்தவரும் அவரே. அதனால் கணக்கை மட்டும் நம்பாமல், மற்றொருவரான வீணை ஆசிரியை அம்மையார், பதிவில் ஒலிக்கும் தம்புராவின் பஞ்சமத்தையும் சட்ஜத்தையும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தம் வீணையோடு ஒப்பிட்டுக் கேட்டு, "இன்னும் ஒரு இழை கீழே" என்று சொல்லச் சொல்ல நாங்கள் திருத்தினோம். ஒரு கச்சேரிக்கு ஐந்து, ஆறு நாள் ஆயிற்று. எழுபது வயதைக் கடந்த அந்த அம்மையார் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை.

நாடாக்களைப் பழுது பார்த்துத் தந்த இளைஞரை எப்படிப் புகழ்வதென்று தெரியவில்லை. சென்னையின் ஈரக்காற்றில் நாற்பது ஆண்டுகள் இருந்த நாடாக்களில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. கேசட்டுக்குள் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டு பலவற்றில் உதிர்ந்து போயிருந்தது. அவர் ஒவ்வொரு நாடாவையும் வெளியே எடுத்து, மெல்லத் துடைத்து, புதிய கூட்டுக்குள் மாற்றி, ஹெட்டின் சாய்வை ஒவ்வொரு கேசட்டுக்கும் தனித்தனியே ஸ்க்ரூடிரைவரால் திருத்தி, மங்கிக் கிடந்த ஒலி பளிச்சென்று திறக்கும் வரை காத்திருந்து ஓட்டினார். இவரைச் சந்திக்கும் முன் வேறொருவரிடம் கொடுத்து ஒரு ஸ்பூல் அறுந்து திரும்பி வந்தது. அதற்கும் முன்பு, கேட்டுவிட்டுத் தருவதாக வாங்கிச் சென்ற ஒருவர் அதே கேசட்டில் சினிமாப் பாட்டைப் பதிவு செய்து திருப்பித் தந்தார். அதில் இருந்தது ஒரு கல்யாணக் கச்சேரி. அந்த இழப்பை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. ஆனால் அதே கல்யாணத்தில் பெண் வீட்டாரும் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதையும், அவர்கள் பாலக்காட்டில் இருக்கிறார்கள் என்பதையும் தேடிக் கண்டுபிடித்து, நேரில் சென்று நகல் எடுத்து வந்த ரசிகரால் அந்தக் கச்சேரியின் பாதி இன்று நம்மிடம் இருக்கிறது. அவருக்கும், முன்பின் அறியாத ஒருவரை நம்பி அலமாரியைத் திறந்த அந்தக் குடும்பத்தாருக்கும் என் நன்றி.

சாகித்தியங்களைக் கேட்டு எழுதித் தந்த ஓய்வுபெற்ற சம்ஸ்கிருத ஆசிரியருக்கும், மிருதங்கத்தின் ஒரு மோராவை (மூன்று முறை வாசித்து முடிக்கும் முத்தாய்ப்பை) மட்டும் கேட்டு வாசித்தவர் இன்னார் என்று அடையாளம் சொன்ன முதிய கலைஞருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். பக்கவாத்தியக்காரர்களின் பெயர் இல்லாமல் ஒரு பதிவையும் வெளியிடக் கூடாது என்று நாங்கள் உறுதி பூண்டிருந்தோம். தீராத ஐயம் இருந்த இரண்டு கச்சேரிகளில் மட்டும் பெயர் போடாமல் இடம் விட்டிருக்கிறோம். அறிந்தவர்கள் தெரிவித்தால் சேர்த்துவிடுகிறோம்.

உரிமையைப் பற்றியும் ஒரு சொல். இக்கச்சேரிகளில் ராமநாதன் அவர்கள் பாடியவற்றில் அவருடைய சொந்த உருப்படிகளும் உள்ளன. இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை படைப்பின் உரிமை நீடிக்கும் என்பது நம் சட்டம். அதன்படி அவை 2044ஆம் ஆண்டு முடியும் வரை அவருடைய வாரிசுகளுக்கு உரியவை. எனவே இப்பதிவுகளை வைத்து எவரும் ஒரு ரூபாயும் சம்பாதிக்கக் கூடாது, நானும் சம்பாதிக்கவில்லை. கடைகளில் விற்பனைக்கு வந்த எந்த இசைத்தட்டையும் கேசட்டையும் இத்தொகுப்பில் சேர்க்கவில்லை. உரிமையுடையவர்கள் எந்தப் பதிவையாவது நீக்கச் சொன்னால் அன்றே நீக்கிவிடுவோம். விளம்பரத்தோடு வெளியிட முன்வந்தவர்களை மறுத்துவிட்டு, சேமிப்பு வட்டுகளுக்கான செலவைத் தம் ஓய்வூதியத்திலிருந்து பகிர்ந்துகொண்ட நான்கு நண்பர்களுக்கு இந்த இடத்தில் கைகூப்புகிறேன்.

கடைசியாக, என் நண்பனின் மனைவிக்கு. அவன் மறைந்த பிறகு, பயன் என்னவென்று தெரியாத 22 கேசட்டுகளை எடுத்து எறிந்துவிடும்படி வீட்டில் பலர் சொல்லியும், அவர் அவற்றைச் செய்தித்தாளில் சுற்றி, வேப்பிலை இட்டு, இரும்பு பீரோவில் வைத்து, ஆண்டுதோறும் போகியன்று வெளியே எடுத்துத் துடைத்து மீண்டும் வைத்திருக்கிறார். நான் கேட்டபோது ஒரு பெட்டியில் அடுக்கி மகளிடம் கொடுத்தனுப்பினார். அவற்றில் ஒன்றில், கேசட்டைத் திருப்பிப் போட்டதும், சஹானா ராக ஆலாபனை தொடங்குவதற்குச் சற்று முன்பாக, மைக்குக்கு மிக அருகில் ஓர் இருமல் கேட்கிறது. பின்னர் தனக்குத்தானே பேசுவது போல "ஓடுது, ஓடுது" என்று தணிந்த குரலில் ஒரு சொல். அதை எளிதில் நீக்கிவிடலாம் என்று பொறியாளர் சொன்னார். நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்தப் பதிவைக் கேட்பவர்கள் அதை இரைச்சல் என்று எண்ண வேண்டாம்.

நன்றியுடனும் வணக்கத்துடனும்,
ஒரு ரசிகன்