செயலாளர் ஆண்டறிக்கை: மணச்செடி, மூலிகைப் பூங்கா வருகைகள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, தாவரவியல் பூங்காவின் மணச்செடிப் பகுதியையும் மூலிகைப் பகுதியையும் இந்த ஆண்டு தனித்தனி நாளில் பார்த்தோம். பழைய வழக்கத்தைக் கைவிட்டதற்கு மூக்குதான் காரணம். பத்திருபது செடிகளை முகர்ந்ததும் அது சளைத்துவிடுகிறது. பிறகு எலுமிச்சைப்புல்லும் சிட்ரோனெல்லா புல்லும் ஒன்றாகவே தோன்றும். இனி ஒரு வருகைக்கு இருபது செடிகள் போதும்.

இலையைக் கிள்ளக் கூடாது. செடியில் இருக்கும்போதே விரல்நுனியால் ஒருமுறை நீவி, விரலை முகர வேண்டும். ஒரு செடிக்கு ஒரு விரல். ஒரு கை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சில நிமிடம் விலகி நின்று, அவரவர் சட்டைக் கையை முகர்ந்தால் மூக்கு தெளியும். காப்பிக்கொட்டை கொண்டுவர வேண்டாம். அது இன்னொரு வாசனை, அவ்வளவே. காலை வேளை நல்லது. மழை விட்டதும் போனால், மண்ணின் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் வாசம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

"சந்தன மரத்தில் மணமே இல்லையே" என்ற குறை இந்த ஆண்டும் வந்தது. இலையிலும் பட்டையிலும் தேடினால் கிடைக்காது; எண்ணெய் மரத்தின் நடுவிலுள்ள வயிரக்கட்டையில் இருக்கிறது, அது விளையப் பல ஆண்டுகள் ஆகும். மரத்தடியில் நிற்கும் செடிகளைக் களை என்று எண்ணிவிடவும் வேண்டாம். சந்தனம் அரை ஒட்டுண்ணி. தன் வேரை அவற்றின் வேரில் பதித்து நீரும் சத்தும் உறிஞ்சுகிறது. வெட்டிவேருக்கு மணம் வேரில் மட்டும். பச்சோலியின் பச்சை இலையில் மணம் மெலிது. உலர்த்திப் பதப்படுத்திய பிறகே அது கனக்கிறது. ஆகவே இம்மூன்றுக்கும் உலர்ந்த மாதிரிகளைப் பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைப்பது நம் வேலை.

புதினா இலையின் அடிப்பக்கத்தைப் பத்து மடங்கு கைலென்ஸில் பார்த்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் பொட்டுப் பொட்டாகத் தெரியும். வில்வ இலைக்கு லென்ஸே வேண்டாம், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரிந்துவிடும். எலுமிச்சைக் குடும்பத்தின் அடையாளங்களில் ஒன்று அது.

மூலிகைப் பகுதியில் மூக்கை நம்பிப் பயனில்லை. நிலவேம்புக்குச் சொல்லும்படியான மணம் கிடையாது, வேம்புக்கு உறவும் கிடையாது. கீழாநெல்லியில்தான் அதிகக் குழப்பம். இலைக்காம்பின் அடியில் காய் தொங்குவதை மட்டும் வைத்து முடிவு செய்தால், அதே பேரினத்தைச் சேர்ந்த சிவப்புக் கீழாநெல்லியிடம் ஏமாறுவோம். கீழாநெல்லிக் காய்க்குக் குறுங்காம்பு உண்டு, தோல் வழவழப்பு. மற்றதன் காய் காம்பில்லாமல் ஒட்டியிருக்கும், தோல் சொரசொரப்பு. இலையின் அடிப்பக்கம், காய், பெயர்ப்பலகை மூன்றையும் படம் எடுக்க வேண்டும்; பலகை இல்லாத படங்களை ஆவணத்தில் சேர்க்கவில்லை.

பலகையில் முதலில் குறிக்க வேண்டியது பூங்காவின் வரிசை எண். பெயர் மாறலாம், எண் மாறாது. ரோஸ்மேரியின் அறிவியல் பெயர் 2017 முதல் சால்வியா ரோஸ்மரினஸ் ஆகிவிட்டது. அதற்கு முன் ரோஸ்மரினஸ் அஃபிசினாலிஸ். அந்த 'அஃபிசினாலிஸ்', மருந்துக் கிடங்கில் வைத்திருந்த செடி என்பதற்கான பழைய முத்திரை. 1545இல் தொடங்கிய இத்தாலியின் பதுவா தாவரவியல் பூங்காவும் மருத்துவ மாணவர்கள் செடியைச் சரியாக இனம் காண்பதற்காகவே உருவானது.

சுவைத்துப் பார்ப்பதற்கு முழுத் தடை தொடர்கிறது. செங்காந்தளின் எல்லாப் பகுதியும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்சிசின் உயிரைப் பறிக்கும். அரளி இதயத் துடிப்பைக் குலைக்கும். அருவதாவைத் தொடவே கூடாது: அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் ஓரிரு நாளில் கொப்புளம் எழும். உடனே எரியாததால் காரணம் பிடிபடுவதில்லை, ஒவ்வாமை என்று தவறாக நினைத்துவிடுகிறார்கள். தெரியாமல் தொட்டவர் உடனே சோப்பிட்டுக் கழுவி, அந்த இடத்தை இரண்டு நாள் வெயிலில் காட்டாமல் மூடி வைக்கவும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பவழமல்லியும் இரவுராணியும் இருட்டிய பின்பே மணக்கும். பகல் வருகையில் இரண்டையும் இலையாக மட்டுமே பார்த்தோம். பூங்கா மூடிய பின் இரண்டு மணி நேரம் இருக்க அனுமதி கோரும் கடிதத்தை இப்பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். வர விரும்புவோர் பெயர் தரலாம். அன்று வாசனைத் திரவியம் பூசி வரக் கூடாது.

செயலாளர்