தளராத பின்னல்

சுங்கை சிப்புட்

அன்பு மகள் தேவிக்கு,

காலையில் போட்ட பிரெஞ்சுப் பின்னல் மத்தியானமே சரிந்துவிடுகிறது, நெற்றியோரம் வேறு விண்ணென்று வலிக்கிறது என்றாய். நெற்றியில் இழுத்துப் பிடித்துவிட்டுப் பிடரிக்கு வந்ததும் கையைத் தளர்த்துகிறாய். அதுதான் கோளாறு.

தலைக்குக் குளித்த அன்றைக்குப் பின்னாதே, முடி வழுக்கும். ஈரத்தோடு பின்னினால் இந்தப் புழுக்கத்தில் உள்ளே காயாமல் வாடை வரும். மறுநாள் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனிக்கு மட்டும் தடவு. சிக்கை நுனியிலிருந்து எடுத்துக்கொண்டே மேலே போ.

உச்சியில் நாலு விரல் அகலத்துக்கு முடி எடுத்து மூன்று காலாக, அதாவது மூன்று புரியாகப் பிரி. வலது காலை நடுக்கால் மேல் போடு, பிறகு இடது காலை. அடுத்த சுற்றிலிருந்து, ஒரு காலை மேலே போடுமுன் அந்தப் பக்கத்து ஓர முடியில் சுண்டுவிரல் கனம் சேர்த்துக்கொள். ஒரு பக்கம் அதிகம் சேர்ந்தால் பின்னல் கோணிக்கொள்ளும். விரல்கள் தலையை உரசிக்கொண்டே இறங்கட்டும்; கையை வெளியே தூக்கினால் அங்கேயே தொய்வு விழும். பிடரிக்கு வரும்போது எல்லாரும் குனிவார்கள். நீ முகத்தைச் சற்று மேலே தூக்கிக்கொள். குனிந்து போட்டது நிமிர்ந்ததும் தொளதொளக்கும். எல்லா முடியும் சேர்ந்த பிறகு சாதாரணச் சடைதான், அங்கே நன்றாக இறுக்கலாம்.

கால்களை மேலே போடாமல் அடியில் விட்டால் பின்னல் புடைத்து நிற்கும். பார்க்க அழகு, ஆனால் மோட்டாரில் போகிறவளுக்கு ஆகாது, ஹெல்மெட் அழுத்தும். கொண்டை அதைவிட மோசம். ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது, விழுந்தால் ஆபத்து.

கோயிலுக்குப் போகும்போது மீன்வால் பின்னல் போட்டுப் பார். இதற்கு முடியை இரண்டு காலாகப் பிரித்தால் போதும். வலது காலின் வெளியோரத்தில் பென்சில் கனம் எடுத்து, அந்தக் காலின் மேலாகக் கொண்டுபோய் இடது காலோடு சேர். அதே மாதிரி இடது பக்கத்திலிருந்து எடுத்து வலது காலோடு சேர். எடுக்கும் முடி மெலிய மெலியத்தான் மீன்முள் தெரியும். நேரம் பிடிக்கும், பொறுமையாகப் போடு.

நுனிக்கு மெல்லிய ரப்பர் வளையம் போடாதே, முடியை அறுத்துவிடும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் துணி சுற்றியதை வாங்கு. வகிடும் ஒரே இடத்தில் வேண்டாம். தினமும் ஒரே பக்கம் இழுபட்டால் நெற்றியோர முடி கொட்டும், வருடக்கணக்கில் விட்டால் திரும்ப முளைக்காமலே போகலாம். வலி தெரிந்தால் உடனே அவிழ்த்துவிடு, கண்ணு. வேலைக்கு நேரமானாலும் பரவாயில்லை. அன்றைக்குப் பிடரியோடு ஒற்றைச் சடை போதும்.

அம்மா