ரயோலைட் படங்களின் ஓரத்தை வெட்டாதீர்கள்

கைவிடப்பட்ட சுரங்க ஊர்களின் பழைய படங்களைத் தேடிப் பகிரும் தமிழ்ப் புகைப்பட ஆர்வலர் குழுக்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்து ரயோலைட், நமீபியாவின் கோல்மன்ஸ்கோப், கலிஃபோர்னியாவின் போடி ஆகிய ஊர்களின் படங்கள் உங்கள் வழியாகத்தான் தமிழ் வாசகர்களுக்கு அதிகம் வந்து சேர்கின்றன. அந்த ஆர்வத்தை மதிக்கிறோம். ஆனால் அந்தப் படங்கள் நாலு பக்கமும் வெட்டுப்பட்டு, கணினி பூசிய வண்ணத்தோடு, ஊகித்துப் போட்ட ஆண்டோடு சுற்றுவதைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. படம் எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்பதற்கான சான்று பெரும்பாலும் படத்துக்குள்ளேயே இருக்கிறது. வெட்டும்போது முதலில் போவது அதுதான்.

ரயோலைட்டையே எடுத்துக்கொள்வோம். ஷார்ட்டி ஹாரிஸ், எட் கிராஸ் என்ற தங்கம் தேடிகள் இருவர் அதன் பக்கத்துப் புல்ஃபிராக் குன்றுகளில் தங்கம் கண்டது 1904 ஆகஸ்டில். ரயோலைட்டுக்கு மனை பிரித்தது 1905 தொடக்கத்தில். ஆக, 1904 என்று போட்டு வரும் ரயோலைட் தெருப் படம் எதுவாக இருந்தாலும் அந்த ஆண்டு தவறு. வெறும் கித்தான் கூடாரமும் பலகைக் கொட்டகையும் தெரிந்தால் 1905 என்று தொடங்கலாம். போர்ட்டர் சகோதரர்கள் கடையின் கல் முகப்பு இருந்தால் 1906 அல்லது அதற்குப் பின். லாஸ் வேகாஸ் - டோனோபா ரயில் பாதை ஊரைத் தொட்டது 1906 டிசம்பரில். சரக்குப் பெட்டி நிற்கும் படத்தை அதற்கு முன்னால் தள்ள முடியாது. மின்சாரம் 1907 ஏப்ரலில் வந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: கம்பம் தெரிந்தவுடன் மின்கம்பம் என்று எழுதிவிடாதீர்கள், அது தந்திக் கம்பமாகவும் இருக்கலாம். தெருவுக்குக் குறுக்கே விளக்குத் தொங்குகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

ஆண்டு கணிக்க நாங்கள் அதிகம் நம்புவது கோல்டன் தெருவில் இருந்த ஜான் எஸ். குக் வங்கிக் கட்டடத்தை. 90,000 டாலர் செலவில் எழும்பிய மூன்று மாடி அது. சாரம் கட்டி நின்றால் 1907. சன்னல் கண்ணாடியோடு முழுமையாக நின்றால் 1908 அல்லது அதற்குப் பின். அதே படத்தில் கான்கிரீட் பள்ளிக்கூடமும் தெரிந்தால் 1909க்கு முன் போக முடியாது. இப்படி ஒன்றுக்கு நாலு கட்டடத்தை ஒப்பிட்டால் ஆண்டு தானாகச் சுருங்கும். வங்கி ஒரு மூலையில், பள்ளி மறு மூலையில் இருக்கும் அகலப் படத்தைச் சதுரமாக வெட்டிப் போடும்போது என்ன இழக்கிறோம் என்று இதிலிருந்தே தெரியும்.

ஊர் சரிந்த பிறகு எடுத்த படங்களுக்கும் கணக்கு உண்டு. 1907 நிதி நெருக்கடியில் முதலீடு வற்றியது. 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 675 பேர்தான். ஊரை வாழவைத்த மான்ட்கோமரி ஷோஷோன் சுரங்கம் 1911-ல் மூடப்பட்டது. 1916-ல் மின்சாரம் நின்றது. பாலைவனத்தில் மரம் அரிது என்பதால் காலி வீடுகளின் பலகையும் உத்தரமும் பக்கத்து ஊரான பீட்டிக்குப் போயின. சுரங்கத் தொழிலாளர் சங்கக் கூடம் முழுதாகவே இடம் பெயர்ந்தது. கூரையும் சன்னல் சட்டமும் இல்லாத சுவர்களைப் பார்த்து நிலநடுக்கம், தீ என்றெல்லாம் எழுத வேண்டாம். பெரும்பாலும் மனிதர்கள் பிரித்தெடுத்துப் போனதுதான். டாம் கெல்லி சுமார் 50,000 மதுப் புட்டிகளை அடுக்கிக் கட்டிய புட்டி வீட்டை 1925-ல் பாராமவுண்ட் நிறுவனம் படப்பிடிப்புக்காகச் செப்பனிட்டது. புதுக் கூரையோடு அந்த வீடும் சுற்றிலும் இடிபாடும் தெரிகிற படத்தை “செழிப்புக் காலம்” என்று போடுவது இதனால்தான் பிழையாகிறது.

கோல்மன்ஸ்கோப்பில் பிழை வேறு மாதிரி. அங்கே சக்கரியாஸ் லெவாலா என்ற ரயில் தொழிலாளி வைரம் கண்டெடுத்தது 1908-ல். ஊர் முற்றிலும் காலியானது 1956-ல். அறைக்குள் கதவின் பாதி உயரத்துக்கு மணல் ஏறிய படம் 1910-ஐச் சேர்ந்ததாக இருக்க வழியில்லை. போடியில் 1932 தீ ஊரின் பெரும்பகுதியைத் தின்றது. கடைகள் இடைவெளியின்றி நிற்கும் தெரு அதற்கு முந்தையது. படக்காரர் டிமோத்தி ஓ'சல்லிவன் மெக்னீசியத்தை எரித்த வெளிச்சத்தில் சுரங்கத்துக்குள் எடுத்த படங்கள் 1867-68 குளிர்காலத்தில் நெவாடாவின் வர்ஜீனியா சிட்டி வெள்ளிச் சுரங்கங்களில் எடுக்கப்பட்டவை. அவற்றுக்கு ரயோலைட் என்று பெயர் சூட்டினால் நாற்பதாண்டு தவறு.

இனி ஓரங்கள். அக்காலப் படக்காரர் நெகட்டிவின் கீழ் ஓரத்தில் ஊர்ப் பெயரையும் வரிசை எண்ணையும் மையால் எழுதுவார். மை ஒளியைத் தடுப்பதால் அச்சில் அது வெள்ளை எழுத்தாக வரும். எமல்ஷன் (ஒளியை உணரும் பூச்சு) உள்ள பக்கத்தில் எழுதினால் இடவலம் மாற்றி எழுத வேண்டும். அதனால்தான் அந்த எழுத்துகளில் ஒரு தடுமாற்றம், சில இடத்தில் திரும்பிய ஆங்கில ‘என்’ (N) அல்லது ‘எஸ்’ (S). ஊசியால் கீறியிருந்தால் கறுப்பாக, ஏற்ற இறக்கத்தோடு வரும். ஒரே சீரான கறுப்பு அச்செழுத்து என்றால் பின்னால் யாரோ சேர்த்தது என்று சந்தேகப்படுங்கள். வரிசை எண் கிடைத்தால் அதே படக்காரரின் முன்னும் பின்னுமான எண்களை வைத்து மாதத்தைக்கூட நெருங்கலாம்.

புகைப்பட அஞ்சலட்டை என்றால் பின்பக்கம் இன்னும் முக்கியம். செய்திக்கும் முகவரிக்கும் நடுவே கோடு போட்டுப் பிரித்த அட்டையை அமெரிக்கத் தபால் துறை அனுமதித்தது 1907 மார்ச் 1 முதல். தபால்தலை ஒட்டும் கட்டத்தில் ‘ஆசோ’ (AZO) என்ற புகைப்படத் தாளின் பெயரும் மேல்நோக்கிய நான்கு முக்கோணமும் இருந்தால் அந்தத் தாள் ஏறத்தாழ 1904-1918. இரண்டு மேல், இரண்டு கீழ் என்றால் 1918-1930. இது அச்சிட்ட தாளின் வயதுதான். பழைய நெகட்டிவைப் பின்னால் வந்த தாளில் அச்சிட்டிருக்கலாம். ஆகவே பின்பக்கம் சொல்வதைப் படத்திலுள்ள கட்டடங்களோடு ஒத்துப் பாருங்கள்.

வண்ணம் பூசுவதைப் பற்றி எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு: பூசவே வேண்டாம். அந்நாளில் பெரும்பாலோர் பயன்படுத்திய தகடும் பிலிமும் சிவப்பை உணராதவை, நீலத்தை மிகையாக உணர்பவை. அதே படத்தில் அமெரிக்கக் கொடி இருந்தால் பாருங்கள்: சிவப்புப் பட்டை கருமையாக இருக்கும், நீல மூலை வெளுத்திருக்கும். வானம் வெள்ளைத்தாளாக இருப்பதும் இதனால்தான். திரண்ட மேகம் தெரிந்தால் அது வேறு நெகட்டிவிலிருந்து சேர்த்ததாக இருக்கலாம். கணினிச் செயலி இந்தச் சாம்பல் அளவுகளை இன்றைய கேமராவின் கணக்கில் எடுத்துக்கொண்டு, சிவந்த பாறையைக் கரும்பழுப்பாக்கி, நீலச் சட்டையை வெள்ளையாக்குகிறது. “கூர்மைப்படுத்தும்” செயலி இன்னும் மோசம். கடைப் பலகையில் பாதி தெரியும் எழுத்தை இல்லாத எழுத்தாக மாற்றிவிடும், ஆண்டு கணிக்க வேண்டியவர் அந்தப் பலகையைத்தான் நம்பியிருப்பார்.

அகலப் படங்களில் தெரு வில்லாக வளைந்திருந்தால் நிமிர்த்த முயலாதீர்கள். 1904-ல் காப்புரிமை பெற்ற சர்க்கட் கேமரா, தானே சுழன்றபடி பிலிமையும் நகர்த்திப் பதிவு செய்தது; எதிரே ஓடும் நேர்த்தெரு அதில் வளைந்துதான் விழும். அந்த வளைவின் உச்சி கேமரா நின்ற இடத்துக்கு நேரெதிரே இருக்கும் புள்ளி. இன்று அதே இடத்தில் நின்று மறுபடம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல குறிப்பு கிடையாது.

தெருவில் ஆளில்லை என்பதை வைத்து ஊர் காலி என்று எழுதுவதையும் விடுங்கள். கண்ணாடித் தகட்டில் பூச்சு ஈரமாக இருக்கும்போதே படமெடுத்த, ரயோலைட்டுக்கு முந்தைய ஈரத் தகட்டுக் காலத்தில் ஒளிபடும் நேரம் பல வினாடிகள். நடந்து போனவர் தடமே இல்லாமல் போவார்.

உங்களில் சிலர் அசல் அட்டைகளையும் நெகட்டிவ்களையும் ஏலத்தில் வாங்குகிறீர்கள். அவர்களுக்குக் கொஞ்சம் விரிவாக. 5½ அங்குல அட்டையை அங்குலத்துக்கு 1200 புள்ளியில் ஸ்கேன் செய்தால் நீளவாட்டில் 6600 புள்ளி கிடைக்கும். கடைப் பலகை படிக்க அது போதும். அச்சைக் கறுப்பு-வெள்ளை என்று நினைத்துச் சாம்பலில் எடுக்காமல் வண்ணத்திலேயே எடுங்கள். பழுப்பேறல், மைக்கறை எல்லாம் தெரிய வேண்டும். கண்ணாடி நெகட்டிவை 16 பிட் சாம்பலில் எடுக்கலாம். நாலு ஓரத்துக்கும் வெளியே அரை அங்குலம் விட்டு, பின்பக்கத்தையும் எடுத்து, டிஃப் கோப்பாகச் சேமியுங்கள்; பகிர மட்டும் ஜேபெக். கருமையான இடங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் துடைக்காதீர்கள், அது வெளியே வந்த வெள்ளியே. கண்ணாடித் தகட்டின் மங்கலான பக்கம் எமல்ஷன், அதில் விரலும் நீரும் படக்கூடாது. முழுத் தகடுகளை நீளவிளிம்பில் நிறுத்தி வையுங்கள். விரிசல் விட்டதை மட்டும் படுக்கையாக.

பிலிம் நெகட்டிவ் கையில் வந்தால் முதலில் ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நைட்ரேட் (எளிதில் தீப்பற்றும் பழைய பிலிம் வகை) என்றே நடத்துங்கள். சிதையும்போது அது வெளிவிடும் வாயு ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகிப் பக்கத்துப் படங்களையும் அரிக்கும். தீப்பிடித்தால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தந்துகொண்டு எரியும், மூடி அணைக்க முடியாது. காற்றுப் புகாத டப்பாவில் அடைப்பதும், சூடான விளக்குப் பெட்டியில் வைப்பதும், வெயில் படும் பரணில் போடுவதும் கூடாது. பிசுபிசுப்போ பழுப்புத் தூளோ கண்டால் ஸ்கேனருக்கே கொண்டுபோகாமல் காப்பக வல்லுநரிடம் காட்டுங்கள்.

வாங்க வேண்டிய அவசியமும் பலருக்கு இல்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் லாஸ் வேகாஸ் நெவாடா பல்கலைக்கழகமும் இவ்வகைப் படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கொடுக்கின்றன. 1900களில் வெளியான படங்களுக்குப் பதிப்புரிமை முடிந்திருக்கலாம்; எந்தக் காப்பகம், என்ன எண் என்று சொல்லும் கடமை முடியவில்லை. அந்த எண் இல்லாமல் அடுத்தவர் மூலப் படத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை.

எனவே உங்கள் குழு விதிகளில் ஒன்றைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்: படம் முழு ஓரத்தோடு, வண்ணம் பூசாமல் வர வேண்டும், ஆண்டு போட்டால் அதற்குக் காரணமும் வர வேண்டும். இந்த அளவு போதும்: “ரயோலைட், நெவாடா. கோல்டன் தெரு. குக் வங்கி சாரத்தோடு நிற்கிறது, எனவே 1907. பின்பக்கம் கோடு பிரித்த அட்டை. படக்காரர் பெயர் இல்லை. மூலம்: காப்பகத்தின் பெயர், எண்.”

அன்புடன்,
பழைய புகைப்படங்களைப் படித்தும் பாதுகாத்தும் வருபவர்கள்