ஆனைமலைக் காட்டில் பாம்பு கடித்தால்: சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் தமிழ்நாடு சேர்த்தது. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, இனி கணக்குக் கொடுத்தாக வேண்டும். அதே ஆண்டு மார்ச்சில், 2030-க்குள் பாம்புக்கடிச் சாவுகளைப் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தை மத்திய அரசு வெளியிட்டது. இரண்டையும் மனதார வரவேற்கிறேன். ஆனால் வால்பாறை மாதிரி ஒரு மழைக்காட்டுப் பகுதிக்கு இவை எந்த வடிவத்தில் வந்து சேரும் என்ற கவலையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் பாம்புக்கடி மருந்து இருப்பு இருக்கிறது என்று அரசு பலமுறை சொல்லியிருக்கிறது. சரி, இருக்கட்டும். அலமாரியில் மருந்து இருப்பது வேறு, ராத்திரி பத்து மணிக்கு அதை எடுத்துக் கலக்கி ஏற்ற ஒருவர் துணிவது வேறு. அந்த மருந்து குப்பிக்குள் வெள்ளைப் பொடியாக இருக்கும். ஒவ்வொரு குப்பியிலும் 10 மில்லி தண்ணீர் விட்டு, குலுக்காமல், நுரை கட்டாமல் மெல்ல உருட்டிக் கரைக்க வேண்டும். முதல் தவணைக்கே பத்துக் குப்பி வரை ஆகும். அதைச் சலைனில் சேர்த்து ஏற்றும்போது பக்கத்திலேயே சிரிஞ்சில் அட்ரினலின் தயாராக இருக்க வேண்டும். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து என்பதால் சிலருக்கு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, பிரஷர் சட்டென்று இறங்கிவிடும். அந்தப் பயத்தில்தான் சின்ன ஆஸ்பத்திரிகளில் 'மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்த இளம் டாக்டரையோ செவிலியரையோ குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் உறவினர்கள் சட்டையைப் பிடிப்பது அவர்களைத்தான், மேலிடத்தை அல்ல.

சமவெளியில் இப்படி அனுப்பினாலும் பக்கத்திலேயே இன்னொரு ஆஸ்பத்திரி இருக்கும். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி ஏறத்தாழ 64 கிலோமீட்டர். ஆழியாரில் இறங்குவதற்குள் 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கும் ஆகாது என்றால் கோவைக்கு இன்னும் 40 கிலோமீட்டர். இதெல்லாம் வால்பாறை ஊருக்குள் வந்து சேர்ந்த பிறகு போடும் கணக்கு. காட்டுக்குள் இருக்கும் காடர் பழங்குடிக் குடியிருப்புகள் சிலவற்றுக்கு ஆம்புலன்ஸ் வாசல்வரை வராது. தொட்டில் கட்டித்தான் ரோடு வரைக்கும் தூக்கி வர வேண்டும். வழியில் யானை நின்றால், அது நகரும்வரை எல்லோரும் நிற்க வேண்டியதுதான். ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் இந்த மருந்து பிடிக்கும். ஏற்கெனவே பழுதான நரம்பையும் சிறுநீரகத்தையும் அது சரிசெய்யாது. அதனால் ஒவ்வொரு வளைவிலும் மருந்தின் பலன் குறைந்துகொண்டே போகிறது.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று பாம்பு கடித்து இறந்தது. பாதை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, உடலைப் பெற்றவர்களே தூக்கிக்கொண்டு மலையேறினார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் ரோட்டைப் பற்றிப் பேசினார்கள். ரோடு வேண்டும்தான். ஆனால் எங்கள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் ரோடு போட அனுமதி வாங்குவதற்குள் எத்தனை மழைக்காலம் போகும் என்று உங்களுக்கே தெரியும். ரோடு வரும்வரை மருந்து காத்திருக்க வேண்டியதில்லை.

எனவே முதலில் ஒரு சின்ன வேண்டுகோள். பாம்புக்கடிக் கணக்குப் படிவத்தில் கடித்த நேரமும் முதல் குப்பி ஏறிய நேரமும் தவறாமல் பதிவாகட்டும். எத்தனை குப்பி இருப்பு என்ற கணக்கோடு, இந்த இடைவெளி எவ்வளவு என்பதையும் மாவட்டவாரியாக, மலைப்பகுதியைத் தனியாகப் பிரித்து, வெளியிடுங்கள். எந்த மலையில் ஆள் இல்லை, எங்கே துணிச்சல் இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, காட்டை ஒட்டிய சுகாதார நிலையங்களில் முதல் தவணை மருந்தை ஏற்றிய பிறகே நோயாளியைக் கீழே அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். விதிமுறைப்படி செய்தவர்களுக்குத் துறை துணை நிற்கும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அட்ரினலின், நாகமோ கட்டுவிரியனோ கடித்து மூச்சுத் திணறினால் கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கும் ஆம்பு பை, விஷத்தால் தளர்ந்த தசைகளுக்குப் போடும் நியோஸ்டிக்மின் ஊசி எல்லாம் அங்கே இருக்க வேண்டும். கூடவே, ரத்தம் உறைகிறதா என்று 20 நிமிடம் வைத்துப் பார்க்க ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாய். பிளாஸ்டிக் குழாயில் அந்தச் சோதனை சரியாக வராது. கண்ணாடிக் குழாய்க்கு ஆகும் செலவோ ஒரு டீக் காசு. தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்களுக்குச் சட்டப்படி மருத்துவ வசதி இருந்தாக வேண்டும். அந்த டிஸ்பென்சரிகளையும் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவரலாம்.

செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் 108-ஐ எப்படிக் கூப்பிடுவது? வேட்டைத் தடுப்பு முகாம்களில் வனத்துறையின் வாக்கி-டாக்கி இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பலர் இதே குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். முகாமிலிருந்து ரேஞ்சர் ஆபீஸுக்கு, அங்கிருந்து ஆம்புலன்ஸுக்குத் தகவல் போக ஒரு ஒழுங்கு செய்தால் போதும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. இரண்டு துறைகள் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் ஆகிவிடும். (அதுதான் நம் ஊரில் பெரிய செலவு என்கிறீர்களா, அதுவும் சரிதான்.)

கடித்ததும் பச்சிலை வைத்தியரிடம் ஓடுகிறார்கள் என்று பழங்குடி மக்களை மேடைகளில் கடிந்துகொள்வதையும் நிறுத்தலாம். கூப்பிட்ட குரலுக்கு வருபவர் அவர் ஒருவர்தான். அவருக்கும் பயிற்சி கொடுங்கள்: கயிறு கட்டாதே, கீறாதே, கையைக் காலை அசையாமல் வை, உடனே அனுப்பு.

இனி, கொஞ்சம் சிக்கலான விஷயம். இந்தியாவில் பரவலாகப் பயன்படும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை வைத்துச் செய்யப்படுகிறது. மழைக்காட்டிலும் தேயிலைக்குள்ளும் இருக்கும் குழிவிரியன்கள் அதில் இல்லை. சருகுக்குள் கிடக்கும், மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கிய சின்னக் குழிவிரியன் கடித்தால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று கேரள மருத்துவர்கள் 2007-லேயே ஆதாரத்துடன் எழுதினார்கள். ரத்தம் உறையாது, சிறுநீரகம் பழுதாகும். இந்த மருந்தைக் குப்பி குப்பியாக ஏற்றினாலும் கேட்காது. அலர்ஜி ஆபத்துதான் மிச்சம். இது புதிய பாடமும் இல்லை. ஆசிய நாகத்தின் விஷத்தில் செய்த மருந்து பிரேசில் நாட்டுப் பாம்புகளுக்கு வேலை செய்யவில்லை என்று 'விட்டல் பிரேசில்' என்ற பெயருடைய அந்நாட்டு மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்பே காட்டிவிட்டார். இலங்கையிலும் இதே குழிவிரியன் உண்டு. அங்கே பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் கோஸ்டா ரிகாவின் கிளோடோமிரோ பிகாடோ நிறுவனமும் சேர்ந்து, குழிவிரியனையும் உள்ளடக்கிய மருந்தை ஆய்வக அளவில் உருவாக்கிச் சோதித்திருக்கிறார்கள்.

நமக்கோ நாட்டின் மருந்துத் தயாரிப்புக்கு விஷம் கொடுக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமே இங்கேதான், வடநெம்மேலியில், இருக்கிறது. 1978-இல் தொடங்கிய சங்கம். உறுப்பினர்கள் இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் அவர்கள் பிடிப்பது அந்த நான்கு பாம்புகளைத்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக் குழிவிரியன்களின் விஷத்தை ஆய்வுக்கு எடுக்க அவர்களுக்கு வனத்துறை அனுமதி கிடைக்க உங்கள் துறை முயற்சி எடுக்க வேண்டும். மருந்து வரும்வரை, குழிவிரியன் கடி என்று தெரிந்தவர்களைச் சிறுநீரகச் சிகிச்சை உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராக அனுப்பும் வழிமுறையாவது இருக்கட்டும். எந்தப் பாம்பு என்று தெரிய, அதை அடித்துப் பையில் போட்டு எடுத்துவர வேண்டாம், தூரத்திலிருந்து ஒரு போட்டோ போதும் என்று குடியிருப்புகளில் சொல்லித்தாருங்கள்.

தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கிவிடும். எந்தெந்த மலைச் சுகாதார நிலையத்தில் ராத்திரியிலும் இந்த மருந்தை ஏற்றுவார்கள் என்ற பட்டியலை அதற்குள் வெளியிட்டு, ஒவ்வொரு குடியிருப்பிலும், எஸ்டேட் தொழிலாளர்கள் வாழும் லயத்திலும் ஒட்டச் செய்யுங்கள். பட்டியலில் வால்பாறைத் தாலுகாவுக்கு ஒரே ஒரு பெயர்தான் வரும் என்றால், அதையும் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
வால்பாறைவாசி ஒருவன்