சுருதிப் பெட்டியைப் போடச் சொன்ன ஆயாவுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

காணாமல் போயிருந்த என் பாட்டு வகுப்புப் பையன் இப்போது வீட்டில் இருக்கிறான். சாப்பிடுகிறான், தூங்குகிறான், நேற்று தங்கையோடு சண்டை போட்டானாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. என்ன நடந்தது என்று திருப்பாதிரிப்புலியூரில் எல்லோருக்கும் தெரியும், திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. அவன் பெயரையும் எழுதப் போவதில்லை. வளர்ந்த பிறகு அவன் இதைப் படிக்க நேரலாம்.

மஞ்சக்குப்பம் ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள், தேவனாம்பட்டினம் கடற்கரையில் விடிய விடிய டார்ச் அடித்துத் தேடிய தம்பிகள், குழந்தைகள் உதவி எண் 1098-இல் பதறாமல் பேசிய அந்தப் பெண், பஸ் பஸ்ஸாக ஏறி போட்டோ காட்டிய என் மாணவர்களின் அப்பாக்கள், எனக்கும் சேர்த்துச் சோறு வடித்த பக்கத்து வீட்டு அக்கா... ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன். ஆனால் கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த மடலில் பெரிய பங்கு ஓர் ஆயாவுக்குத்தான்.

அவனுடைய அம்மாவைப் பெற்றவர். இரண்டாம் நாள் சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். நான் விளக்குகூடப் போடாமல் உள்ளே உட்கார்ந்திருந்தேன். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, சுருக்குப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, இன்னிக்கு கிளாஸ் இல்லியா?" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை.

"அந்தப் பொட்டியையாவது போடும்மா. புள்ள இந்தத் தெருப்பக்கம் வந்தான்னா சத்தம் கேட்டாத்தானே உள்ள வருவான். வீடு இருட்டா கெடந்தா திரும்பிப் போயிடுவான்ல."

பாட்டுக்கு ஆதாரமாக ஒலித்துக்கொண்டே இருக்கும் சுருதிப் பெட்டியைத் திண்ணையில் கொண்டுவந்து வைத்து சுவிட்சைப் போட்டேன். 5 கட்டையில், உயரமான சுருதியில், ஒலித்தது. கடைசி வகுப்பில் அவனுக்காக வைத்தது, அப்படியே இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. அவனுக்கு 13 வயது. மகரக்கட்டு, அதாவது குரல் உடைவது, ஆரம்பித்து மூன்று மாதமாகிறது. அந்த வயதில் குரல்நாண் நீண்டு தடிக்கும், ஆண்பிள்ளைக் குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி, ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரையுள்ள தூரம், கீழே இறங்கும், இறங்கி முடிகிற வரை எந்த ஸ்வரத்தில் உடையும் என்று பாடுகிறவனுக்கே தெரியாது. சுருதியை இறக்கி, மேல் ஸ்தாயிக்கு இழுக்காமல், கொஞ்ச நேரம் மட்டும் பாட வைக்க வேண்டும். 20 வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இது தெரியாதா? மற்ற பையன்களுக்கெல்லாம் இறக்கியிருக்கிறேன். இவனுக்கு மட்டும் மனசு வரவில்லை. மேல் ஷட்ஜத்தில், அந்த உயரமான 'ஸ'வில், அவன் நின்றால் தெருவில் போகிறவர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்பார். "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு" என்று சொல்லிச் சொல்லி பாட்டுப் போட்டிக்கும் அனுப்பினேன். பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வைத்தது அவன் குரல் மேல்.

இதையெல்லாம் ஆயாவிடம் கொட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். கட்டை, ஸ்தாயி எதுவும் புரிந்திருக்காது. "அதுக்கென்ன, எறக்கி வையேன்" என்றார்.

1 கட்டைக்கு இறக்கினேன். ராத்திரி முழுக்க அது ஓடியது. நடுவில் கரண்ட் போனதும் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்த ஆயா திடுக்கிட்டு எழுந்து, "ஏன் நின்னுடுச்சு?" என்றார். கரண்ட் வரும்வரை நானே ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தொண்டை அடைத்தது, சுருதி சேரவேயில்லை. ஆயாவுக்கு அது பெரிதாகப் படவில்லை போல, மறுபடி சாய்ந்துகொண்டார்.

அந்தச் சத்தம் கேட்டு அவன் வரவில்லை. கிடைத்தது வேறெங்கோ, உங்கள் புண்ணியத்தில். ஆனால் அந்த ராத்திரியை நான் தாண்டியது ஆயாவால்தான்.

பெற்றோர்களுக்கு ஒன்று. இனி என் வகுப்பில் பிள்ளை தானாகக் கேட்டால்தான் போட்டிக்குப் பெயர் கொடுப்பேன். மகரக்கட்டில் இருக்கும் பையன்கள் பாட வேண்டாம் என்று நினைத்தால் தாளம் போடட்டும். 7 தாளம், ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை மாறும் 5 வகை (ஜாதி என்போம்), மொத்தம் 35 இருக்கிறது, ஒரு வருஷத்துக்குத் தாங்கும். சம்மதம் இல்லாதவர்கள் தாராளமாக வேறு டீச்சரைப் பார்க்கலாம், எனக்கு வருத்தமில்லை.

அப்புறம், ஆயா, அவசரத்தில் சுருக்குப்பையைத் திண்ணையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். வாங்க வரும்போது அவனைக் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டாம். தோன்றும்போது வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பாட்டு டீச்சர்