ஊருணிக் கணக்கை ஊர்ச் சுவரில் ஒட்டுங்கள்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊருணியைத் தூர்வாரிய செலவுக் கணக்கை எங்களுக்குப் புரிகிற மாதிரி காட்டுங்கள் என்பதுதான் விவகாரம். மனுவும் உங்களிடம் இருக்கிறது, அதனால் போன கிராம சபையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். வரவு செலவை ஒருவர் எழுந்து கடகடவென்று வாசித்தார். தூர்வாரியதற்கு இத்தனை கன மீட்டர், இத்தனை ரூபாய் என்று ஒரு வரி வந்தது, அடுத்த வரி தெருவிளக்குக்குப் போய்விட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த அப்பத்தா ஒருவர், "அது எத்தனை லோடுப்பா?" என்று கேட்டார். எல்லாம் இணையத்தில் ஏற்றியாச்சு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

சரி, பார்த்தோம். அங்கே இருந்தது ஒரு தாளின் படம். சாய்வாக எடுத்த ஸ்கேன், முழுக்க ஆங்கிலம், 3-ஆ 8-ஆ என்று பிரித்தறிய முடியாத எண்கள். தேடவும் முடியாது, எக்ஸெல்லில் போட்டுக் கூட்டவும் முடியாது. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வேலைக்கான செலவையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றால், எங்கள் ஊர்ப்பெயரையே ஒவ்வொரு துறையும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருக்கிறது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளே ராத்திரி முழுக்க முயன்றுவிட்டு எழுந்து போனார்கள். அப்புறம் 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் எக்ஸெல் கோப்பாகவே கேட்டோம். பக்கத்துக்கு 2 ரூபாய் வாங்கிக்கொண்டு அதே ஸ்கேனை அச்செடுத்துக் கொடுத்தார்கள். "இவங்களுக்கு இதெல்லாம் என்ன புரியும்" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னதும் எங்கள் காதுக்கு வந்தது. இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பேச்சுதான்.

அப்பத்தா கேட்டது சரியான கேள்வி. ஒரு கன மீட்டர் என்பது 35 கன அடிக்குச் சற்று மேல். எங்கள் பக்கம் மண் யூனிட்டில்தான் விற்கும், 100 கன அடி ஒரு யூனிட். கணக்கை யூனிட்டில் எழுதினால் போதும், டிப்பர் எத்தனை நடை போனது, யார் கொல்லையில் கொட்டியது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஊருணிக் கரையிலேயே இருக்கிறார்கள், ஒரே சாயங்காலத்தில் சரிபார்த்துவிடுவார்கள். இதற்குக் கம்ப்யூட்டர் படிப்பு எதற்கு? தெரிந்த அளவில், தெரிந்த மொழியில், கண்ணில் படும் இடத்தில் இருந்தால் எந்தப் புள்ளிவிவரத்தையும் எங்கள் ஜனங்கள் கேள்வி கேட்பார்கள்.

கணக்கு இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்யப் போனவர்கள் பேரேடு எழுதி, ஐந்தொகை என்கிற வரவு செலவு இருப்புக் கணக்கு எடுத்த ஊர்கள் இவை. நகரத்தார் கோயில்களில் கல்யாணமானவர்களைப் புள்ளியாக எழுதி, புள்ளிக்கு இவ்வளவு என்று வரி பிரித்தார்கள். பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதிய குடும்பம் எங்களுடையது. எங்களுக்குப் புரியாது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

சட்டமும் எங்கள் பக்கம்தான். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆம் பிரிவு, கேட்காமலே நீங்களாகத் தகவலை வெளியிட வேண்டும், அதில் வட்டார மொழியைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. 7(9) பிரிவு, சாதாரணமாகக் கேட்ட வடிவத்திலேயே தர வேண்டும் என்கிறது. எங்களிடமிருந்து விவரம் வாங்கும்போது எவ்வளவு கறாராக இருக்கிறீர்கள்! ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், செல் நம்பர், ஓடிபி, எல்லாம் கொடுக்கிறோம். பெயரில் ஓர் எழுத்து மாறினால் மனு திரும்பி வருகிறது. எங்கள் ஊர்ப்பெயரை மாற்றி மாற்றி எழுதினால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது? நிலத்தடி நீர்க் கணக்கும் அப்படித்தான். மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளை வருஷத்துக்கு நான்கு முறை அளக்கிறது, தமிழ்நாட்டில் பகுதி வாரியாக நிலைமையை வகைப்படுத்துகிறார்கள், ஆனால் கடன் வாங்கி போர் போடுகிற எங்கள் ஊர் விவசாயிக்குத் தன் பகுதி எந்த வகையில் இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. அவர் பணமும் போகிறது, தண்ணீரும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஊருணிக் கணக்கைத் தமிழில், யூனிட்டில், பெரிய எழுத்தில் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். ஸ்கேனை எடுத்துவிட்டு மூலக் கோப்பை ஏற்றுங்கள். ஊர்ப்பெயரை ஒரே மாதிரி எழுத முடியாவிட்டால், ஒவ்வொரு ஊருக்கும் அரசு கொடுத்திருக்கும் குறியீட்டு எண்ணையாவது பக்கத்தில் போடுங்கள்.

அடுத்த கிராம சபை அக்டோபர் 2. செப்டம்பர் 25-க்குள் ஒட்டினால், நாங்கள் நடைக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டு கூட்டத்துக்கு வருவோம். அன்றைக்கு வேலையை அளந்து எழுதிய எம்-புக்கையும் (அளவுப் புத்தகம்) எடுத்து வரச் சொல்லுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊருணிக் கரைக்காரன் ஒருவன்