ஏட்டி கோமு, கிசாச்சி காட்டுக் கதை கேளு

ஏட்டி கோமு,

எப்படி இருக்க, முட்டுவலி தேவலையா? இங்க எல்லாரும் சௌக்கியம். இவியளுக்கு சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கு, கார்த்தி கல்யாணப் பேச்சை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருதான். பொங்கலுக்கு நீ போட்ட மெயிலுக்கு பதில் வரலன்னு ஜெயாகிட்ட போய் புலம்பியிருக்க, அவ உடனே உன் குரல்லயே பேசிக்காட்டி எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புதா. ரெண்டு பேரும் ரிட்டயர் ஆகியும் ஹாஸ்டல்ல இருந்து வெளிய வரல. சரி அத விடு, இப்ப உன்கிட்ட சொல்லியே ஆகணும்னு ஒரு விஷயம் இருக்கு, அதான் சோத்த வடிச்சு வச்சுட்டு உக்காந்துட்டேன்.

நான் போன வாரம் காட்டுல படுத்து எந்திரிச்சு வந்திருக்கேன். ரிசார்ட்டு, காட்டேஜுன்னு நினைச்சுக்காத. நெசமான காடு, தரையில டென்ட், கரண்டு கிடையாது, குழாய் கிடையாது, கக்கூஸ் கூட கிடையாது. லூசியானால கிசாச்சி நேஷனல் ஃபாரஸ்ட்னு பேரு, அந்த மாநிலத்துக்கே இருக்கிற ஒரே நேஷனல் ஃபாரஸ்ட். ஆறு லட்சம் ஏக்கருக்கு மேல வரும், ஆனா ஒரே காடா இல்ல, ஏழு பாரிஷ்ல, அதாவது நம்ம ஊரு மாவட்டம் மாதிரி, துண்டு துண்டா கிடக்கு. ஹூஸ்டன்ல இருந்து காருல நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். கார்த்திதான் கூட்டிட்டுப் போனான், இவிய மொத நாள் வரைக்கும் வரவே மாட்டேன்னாவ, பாம்பு இருக்கும், கரடி இருக்கும், நெஞ்சு வலி வந்தா யார்கிட்ட போறதுன்னு ஒரே பாட்டு. கடைசில பாத்தா டென்ட்ல படுத்த அஞ்சாவது நிமிஷம் குறட்டை விட்டது அவியதான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்ன தெரியுமா, காசே கிடையாது. புக்கிங் இல்ல, கேட் இல்ல, வாட்ச்மேன் இல்ல. தார் ரோட்ட விட்டு செம்மண் சரளை ரோட்டுல திரும்பினா ஒரு பிரவுன் போர்டு, மரத்தடியில கொஞ்சம் வெட்டவெளி, நெருப்பு போட ஒரு இரும்பு வளையம், அம்புட்டுதான். வேட்டைக்காரங்களுக்குன்னு ஒதுக்கி விட்ட கேம்ப், சீசன் இல்லாதப்ப ஈ காக்கா இருக்காது. நாட்டு ஜனங்களுக்குச் சொந்தமான நிலம், யாரு வேணா வந்து படுத்துக்கலாம். நான் இந்த நாட்டுல இத்தன வருஷமா காசு குடுக்காம கார நிறுத்துன எடமே கம்மி, அதுல போய் இப்படி ஒண்ணு.

தண்ணி நாமதான் கொண்டு போகணும், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன்னு கணக்கு. குப்பையை நாமதான் திரும்ப எடுத்துட்டு வரணும். கக்கூஸ் விஷயம்தான நீ கேக்கப் போற, எனக்குத் தெரியும். ஒரு சின்ன கைக்கரண்டி, ஓடையில இருந்து இருநூறு அடி தள்ளிப் போய், ஆறு எட்டு இஞ்சு குழி தோண்டி, முடிச்சு, மூடிரணும். நாமெல்லாம் சின்னதுல காட்டுக்குப் போனவதான, என்ன வந்துச்சு. உண்ணிக்குத்தான் பயப்படணும், பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிக்கிட்டேன். செவ்வெறும்புப் புத்து இருக்கான்னு பாக்காம பாயை விரிக்கவே கூடாது.

ஒண்ணே ஒண்ணு வயித்தெரிச்சல். எங்களுக்கு முன்ன வந்தவன் எவனோ நெருப்பு வளையத்துக்குள்ள பீர் கேனும் பாதி எரிஞ்ச தார்ப்பாயும் போட்டுட்டுப் போயிருக்கான். ஓசியில குடுத்தா இப்படித்தான் செய்வியளா? கார்த்தியும் இவியளும் ஒரு மூட்டை அள்ளி டிக்கில போட்டாவ. இப்படியே போனா ஒருநா கேட்டைப் போட்டுப் பூட்டிருவாவ, அப்புறம் காசுள்ளவனுக்கு மட்டும்தான் காடு. எனக்கு இப்ப நினைச்சாலும் ஆத்தாமையா வருது.

பக்கத்து எடத்துல ஒரு தாத்தா தனியா டென்ட் போட்டிருந்தாரு, அந்த ஊருக்காரரு, பேசுறதுல பாதி எனக்குப் புரியல, வாய்க்கு வாய் மேம் மேம்னு ஒரே மரியாதை. சாயந்தரம் தூறல் போட்டு விறகெல்லாம் நனைஞ்சு போச்சு, இவிய தீப்பெட்டியில பாதிய காலி பண்ணிட்டாவ. அந்த மனுசன் வந்து ஒரு மரத்துண்டைக் குடுத்தாரு. கை அகலம்தான், ஆனா கனம். தேன் கலர்ல உள்ள பளபளன்னு, மூக்குகிட்ட கொண்டு போனா டர்பன்டைன் வாடை ஏறுது. அதுல இருந்து கத்தியால சுருள் சுருளா சீவி, ஒரே ஒரு தீக்குச்சி வச்சாரு பாரு, ஈரத்துலயும் சடசடன்னு பிடிச்சு கறுப்புப் புகையோட எரியுது. ஃபேட் லைட்டர்ங்கறாவ. பழைய பைன் மரத்தோட வைரம், மரம் போயி நூறு வருஷம் ஆனாலும் அடிக்கட்டையில பிசின் ஊறிப்போய் மக்காம கிடக்குமாம், செல்லும் அரிக்காதாம். கரி படியும்னு அதுல நேரா சமைக்க மாட்டாவ, பத்த வைக்க மட்டும்தான். அந்த நெருப்புலதான் உப்புமா கிண்டினேன், கார்த்தி மூணு தடவை வாங்கித் தின்னான், வீட்டுல அதே உப்புமாவப் பாத்தா மூஞ்சியத் திருப்புற பய.

நூறு வருஷத்துக்கு முந்தின அடிக்கட்டை எப்படி இங்க வந்துச்சுன்னு நான் கேட்டேன், அங்கன ஆரம்பிச்சதுதான் எல்லாம். வந்ததுல இருந்து அதத்தான் படிச்சுக்கிட்டே இருக்கேன், இவிய அடுப்புல பால் பொங்குதுன்னு கத்துதாவ, காதுல விழல.

இந்த மரத்துக்கு லாங்லீஃப் பைன்னு பேரு. ஊசி ஒவ்வொண்ணும் ஒரு அடி ஒன்றரை அடி வரைக்கும் நீளும், மூணு மூணா சேந்திருக்கும். நாம கொடைக்கானல் டூர்ல பாத்த பைன் காட்டை நினைச்சுராத, அது நட்டு வளத்தது, அடியில ஒரு புல்லு முளைக்காது. இங்க மரத்துக்கு மரம் நல்ல எடைவெளி, வெயில் தரை வரைக்கும் இறங்குது, முழங்கால் உயரம் புல்லு, பூவு. வர்ஜீனியால இருந்து டெக்சாஸ் வரைக்கும் 9 கோடி ஏக்கர் இந்தக் காடு இருந்துச்சாம். அதை ரயில் தண்டவாளத்தை காட்டுக்குள்ளயே போட்டு, நீராவி மிஷின வச்சு மரத்தை இழுத்து, இழுக்கும்போது சின்ன மரக்கன்னெல்லாம் நசுங்கிச் செத்து, ஒரு முப்பது நாப்பது வருஷத்துல வழிச்சு எடுத்துட்டாவ. மரம் தீந்ததும் மில்லைக் கழட்டிக்கிட்டுப் போயிட்டாவ. ஃபுல்லர்டன்னு ஒரு ஊரு, மில்லுக்குன்னே உண்டான ஊரு, 1927ல மில்ல மூடவும் ஊரே காலி, இப்ப மரத்துக்கு நடுவுல கான்கிரீட் சுவரு மட்டும் நிக்குது. கடைசில மொத்தமா மிஞ்சினது 30 லட்சம் ஏக்கர் சுமாருக்குத்தான். அடிக்கட்டையா கிடந்த பூமியில ஒரு பகுதியைத்தான் கவர்மென்ட் வாங்கி 1930ல கிசாச்சின்னு அறிவிச்சுச்சு. அதுக்காக ஓயாம அலைஞ்சவ யாரு தெரியுமா, உன்ன மாதிரி ஒரு டீச்சரம்மா, கரோலின் டார்மன். 1921லயே லூசியானா வனத்துறையில வேலைக்குச் சேந்தவ, அந்தக் காலத்துல அமெரிக்காவுலயே அந்த வேலையில பொம்பளை கிடையாது. அவ எழுதி, கேட்டு, ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கித்தான் நான் போன வாரம் பாயை விரிச்ச எடம் இருக்கு. அவ படத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன், எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

இன்னொண்ணு சொல்லுதேன், நீ நம்ப மாட்ட. இந்தக் காட்டுக்கு நெருப்பு வேணும். நாங்க இருந்த எடத்துக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நாள் முன்னதான் வனத்துறையே தீ வச்சிருக்கு, தரையெல்லாம் கறுப்பு, அதுக்குள்ள இருந்து பச்சப் புல்லு கிளம்புது. சில வருஷத்துக்கு ஒரு தடவை எரியலன்னா வேற மரமும் புதரும் அடச்சுக்கிட்டு பைன் கன்னு எந்திரிக்கவே முடியாதாம். அந்தக் கன்னை நான் குத்த வச்சு உக்காந்து பாத்தேன். அதை மரக்கன்னுன்னு யாரும் சொல்ல முடியாது, புல்லுக் கொத்துதான். வருஷக் கணக்கா தண்டே விடாம அப்படியே இருந்து கீழ வேரை மட்டும் எறக்குமாம். சுத்தியிருக்கிற ஊசியெல்லாம் கருகிப்போய் நிக்குது, விரலால விலக்கிப் பாத்தா நடுவுல வெள்ளையா குருத்து, ஒண்ணும் ஆகல. எனக்கு உடனே உங்க விளையில நிக்கிற இளம்பனை வடலிதான் ஞாபகம் வந்துச்சு. அதுவும் மேல ஒண்ணையும் காட்டாம பூமிக்குள்ள போற சாதிதான.

காலையில விடியுறதுக்கு முன்ன தாத்தா வந்து கூப்பிட்டாரு. வெள்ளை பெயின்ட்ல வளையம் போட்ட மரம், அதுல ஒரு ஓட்டை, ஓட்டையைச் சுத்தி மெழுகு வழிஞ்சாப்ல பிசின். ரெட் காக்கேடட் மரங்கொத்தி. பட்ட மரத்தைத் தொடாது, உசிரோட நிக்கிற பழைய பைனைத்தான் குடையும், ஒரு பொந்து முடிய வருஷக் கணக்கு ஆகும். சுத்தி சின்னச் சின்னதா கொத்தி பிசினை வழிய விடுறது பாம்பு ஏறாம இருக்கத்தானாம். வெளிச்சம் வந்ததும் தலையை நீட்டுச்சு, அங்கயும் இங்கயும் பாத்துச்சு, பறந்துருச்சு, பக்கத்து மரத்துல இருந்து அதோட சொந்தக்காரக் கூட்டமும் சத்தம் குடுக்குது. முந்தின ஈட்டுப் பையனுங்க வீட்டுலயே தங்கி தம்பி தங்கச்சிய வளக்குமாம், இத கார்த்திகிட்ட நல்லா அழுத்திச் சொன்னேன். 1970ல அழியுற பட்டியல்ல சேத்த பறவை, 2024ல ஒரு படி கீழ எறக்கியிருக்காவ, அம்புட்டுக்கு தேறி வந்திருக்கு.

ராத்திரியப் பத்திச் சொல்லல பாரு. ஒரு பறவை, நம்ம பக்கிக் குருவிக்குச் சொந்தமாம், சக்-வில்ஸ்-விடோன்னு தன் பேரையே நிறுத்தாமக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. டென்ட்டுக்குப் பின்னால சருகுல பெருசா என்னமோ நடக்குது, எனக்குக் கை கால் ஓடல, கார்த்தி டார்ச் அடிச்சா ஓடு போட்ட ஒரு அர்மடில்லோ, எங்களச் சட்டையே பண்ணாம தோண்டிக்கிட்டு நிக்குது. அதுக்கப்புறம் காத்து மட்டும்தான். அந்த ஊசிக்குள்ள காத்து போற சத்தத்தக் கேட்டுக்கிட்டே தூங்கிட்டேன். மாத்திரை போடாமத் தூங்கி எம்புட்டு நாளாச்சு கோமு.

இப்ப நான் சொல்லுறத கோபப்படாமக் கேளு. விளையில இருக்கிற பனையெல்லாம் வெட்டிட்டு பிளாட் போடக் குடுத்துரலாம்னு தம்பி சொல்லுதான், செங்கச் சூளைக்காரன் மரத்துக்கு விலை பேசிட்டுப் போயிருக்கான்னு எழுதியிருந்த. முன்னயா இருந்தா அது உங்க வீட்டுக் கணக்குன்னு விட்டிருப்பேன், இப்ப முடியல. கலெக்டர் அனுமதி இல்லாம பனையை வெட்டக் கூடாதுன்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே சொன்னாங்கல்லா, தம்பிக்கு அது தெரியுமா? பணம் வேணும்னா சொல்லு, மகள் பேறுகாலத்துக்குத்தான்னா நானும் இவியளும் இருக்கோம், ஜெயாவும் இருக்கா. உங்க அய்யா வச்ச மரம், காய்ப்புக்கு வர எத்தன வருஷம் காத்திருந்தாருன்னு உனக்குத்தான் தெரியும். நிலத்த விக்கத்தான் வேணும்னா வடலியோட வாங்குறவன் கிடைக்கானான்னு பாப்போம். நீ கையெழுத்து மட்டும் போட்டுராத.

அப்புறம், அக்டோபர்ல டாலஸ் வாரேல்லா, பிள்ளைக்கு நாப்பது கழிஞ்சதும் உன்னைத் தூக்கிட்டுப் போயிருவேன், மருமகன்கிட்ட இப்பவே சொல்லி வச்சுரு. நவம்பர் கடைசியில உண்ணித் தொல்லை குறைச்சல், ஆனா மான் வேட்டை சீசன், ஆரஞ்சு சட்டை போடாம காட்டுக்குள்ள நடக்கக் கூடாது, உனக்கும் சேத்து நான் வாங்கி வைக்கேன். ராத்திரி நல்லா குளிரும், காதுக்குக் குல்லா எடுத்துக்கோ. மூடின ஷூவா வாங்கு, அந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டு வந்து நின்ன, காருலயே உக்கார வச்சுருவேன். கருப்பட்டி ரெண்டு கிலோ, சுக்கு கொஞ்சம். சப்பாத்திக் கல்லு வேண்டாம் தாயே.

பேபி அக்காவுக்கு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சுதா? ஜெயா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. தம்பி நம்பரை எனக்கு அனுப்பு, இந்த ஞாயித்துக்கிழமையே நான் பேசுதேன்.

சுப்பு